மெய்நிகர் நினைவகமும் திண்மநிலை வட்டின் ஆயுளும்

(பொதுச் சேவை மையங்களில் கணிப்பொறிகளின் பராமரிப்பு குறித்த உரையின் வாசகம்)

ஆந்திர மாநிலத்தின் 'மீ சேவா' திட்டம் 2011 நவம்பரில் சித்தூர் மாவட்டத்தில் தொடங்கப் பெற்றது. வருவாய்த் துறை, பதிவுத் துறை ஆகிய இரண்டின் சில சேவைகள் முதலில் இதன் வழியாகக் கிடைத்தன. அடங்கல் நகல், வருமானச் சான்று, சாதிச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த மக்கள், ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் ஊழியரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நிலை இதனால் உருவாயிற்று. 2019 அக்டோபர் 2-ஆம் நாள் கிராமச் செயலகங்களும் வார்டுச் செயலகங்களும் தொடங்கப் பெற்றபோது, இப்பணிக்கென்றே டிஜிட்டல் உதவியாளர் என்னும் பதவியும் ஏற்பட்டது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் மக்களின் தேவை மாறவில்லை.

இத்தகைய மையத்தில் கணிப்பொறி ஒன்று வேலையின் நடுவே நின்றுவிட்டால், அதன் இழப்பு இயந்திரத்தோடு முடிவதில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் மறுநாளும் வர வேண்டியதாகிறது. கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாளன்று சான்றிதழ் தேடி வந்த மாணவருக்கு மறுநாள் என்பதே இல்லை. ஆகவே, இக்கணிப்பொறிகளை எவ்வாறு நெடுநாள் தடையின்றி உழைக்கச் செய்வது என்பது பொறியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. அது பொது நிர்வாகத்தைச் சார்ந்த செய்தியுமாகும்.

கணிப்பொறியைப் பராமரிப்போரிடையே பல ஆண்டுகளாக ஓர் அறிவுரை வழங்கி வருகிறது. 'எஸ்.எஸ்.டி. பொருத்திய கணிப்பொறியில் மெய்நிகர் நினைவகத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் வட்டு விரைவில் தேய்ந்து போகும்' என்பதே அது. இவ்வறிவுரையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், அந்த உண்மையின் அளவு என்ன என்று கணக்கிட்டுப் பார்க்காமல் அதைப் பின்பற்றுவதால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. அக்கணக்கை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மேசையும் அலமாரியும்

மெய்நிகர் நினைவகம் என்பது யாது? தாசில்தார் அலுவலகம் ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். எழுத்தரின் முன்னுள்ள மேசை சிறியது. பின்னுள்ள அலமாரி பெரியது. வேலை நடைபெறும் கோப்புகள் மேசைமீது இருக்கின்றன. மேசை நிரம்பியதும், உடனடியாகத் தேவைப்படாத கோப்பு ஒன்றை எழுத்தர் அலமாரிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் புதிய கோப்பை விரிக்கிறார். கணிப்பொறியில் மேசையின் இடத்தில் இருப்பது 'ரேம்' எனப்படும் முதன்மை நினைவகம். அலமாரியின் இடத்தில் இருப்பது வன்தட்டு அல்லது திண்மநிலை வட்டாகிய எஸ்.எஸ்.டி. மேசையையும் அலமாரியின் ஒரு பகுதியையும் சேர்த்து, ஒரே பெரிய மேசைபோல நிரல்களுக்குக் காட்டும் ஏற்பாடே மெய்நிகர் நினைவகம்.

இது புதிய கருத்தன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி, 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' கணிப்பொறியில் இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. அக்கணிப்பொறியின் விரைவான காந்த நினைவகம் 16,384 'சொற்கள்' அளவே கொண்டது. மெதுவாகச் சுழலும் உருளை நினைவகமோ 98,304 சொற்கள் கொள்ளக்கூடியது. 512 சொற்கள் கொண்ட 'பக்கங்களாக' விவரங்களைப் பிரித்து, இரண்டு நினைவகங்களுக்கும் இடையே இயந்திரமே மாற்றிக்கொண்டது. நிரல் எழுதியவருக்கு எல்லாம் ஒரே நினைவகமாகத் தோன்றிற்று. இன்று பள்ளியில் உள்ள சாதாரணக் கணிப்பொறியும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அலமாரிக்குத் திரும்பும் கோப்புகள் எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. எழுத்தர் படித்து மட்டும் பார்த்த கோப்பின் மூலப்படி ஏற்கெனவே அலமாரியில் உள்ளது. மேசைமீதுள்ள நகலை அப்படியே விட்டுவிடலாம். திருத்தம் செய்யப்பட்ட கோப்பை மட்டுமே எழுதி வைக்க வேண்டும். கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது. நிரலின் கட்டளைகள் அடங்கிய பக்கங்களை அது எழுதாமலே கைவிடுகிறது. மாறுதல் அடைந்த பக்கங்களை மட்டுமே வட்டில் எழுதுகிறது. 2009-இல் 'விண்டோஸ் 7' வெளிவந்த காலத்தில், பக்கக் கோப்பின் பயன்பாட்டை மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். பக்கக் கோப்பில் ஒரு முறை எழுதுவதற்குச் சுமார் 40 முறை படித்தல் நிகழ்கிறது என்பதே அது. படிப்பதால் வட்டு தேய்வதில்லை என்று கொள்ளத்தக்க அளவுக்கு அதன் பாதிப்பு சிறியது. தேய்மானம் எழுதுவதாலேயே நேர்கிறது.

வட்டு தேய்வது எவ்வாறு?

எஸ்.எஸ்.டி.யின் உட்பொருள் 'ஃபிளாஷ்' நினைவகமாகும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா இதனை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். இன்றைய வட்டுகளில் பயன்படும் 'நாண்ட்' வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது. இதில் சுழலும் தகடு இல்லை. அசையும் முள் இல்லை. மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதன் மூலம் விவரம் பதிவாகிறது. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அப்படலம் சிறிது நலிகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் வகை சுமார் 1,00,000 முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். மூன்று பிட் வைக்கும் வகை பொதுவாக 1,000 முதல் 3,000 முறை தாங்கும். நான்கு பிட் வைக்கும் வகை இதனினும் குறைவாகவே தாங்கும். விலை குறைந்ததற்கும் கொள்ளளவு பெருகியதற்கும் மக்கள் கொடுக்கும் ஈடு இதுவாகும்.

ஆனால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி அவ்விடத்தை மட்டும் தேய்த்துவிடுமாறு வட்டு அமைக்கப்படவில்லை. வட்டினுள் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு, எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு அளிக்கிறது. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து எல்லா வயல்களுக்கும் நீர் விடுவதைப் போன்றது இது. பக்கக் கோப்பு வட்டின் ஒரே மூலையைக் குடைந்துவிடும் என்னும் அச்சத்திற்கு ஆகையால் இடமில்லை. வட்டில் கணிசமான இடம் காலியாக இருக்கும்போது இப்பங்கீடு செம்மையாக நடைபெறும். வட்டு நிரம்பி வழிந்தால், ஓரிடத்தில் எழுதுவதற்காக வேறிடத்தில் உள்ள விவரங்களையும் பெயர்த்து எழுத வேண்டி வரும், தேய்மானமும் மிகும்.

கணக்கு கூறும் செய்தி

வட்டு உற்பத்தியாளர்கள் தம் வட்டில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று ஓர் அளவைக் குறிப்பிடுகின்றனர். 250 ஜிகாபைட் கொண்ட நல்ல வட்டுகளுக்கு 150 டெராபைட் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. விலை மலிந்த 120 ஜிகாபைட் வட்டுகளில் 40 டெராபைட் என்று குறிப்பிடப்பட்டவையும் உண்டு.

ஆண்டுக்கு 300 நாள் இயங்கும் சேவை மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போதிய ரேம் உள்ள அதன் கணிப்பொறி, பக்கமாற்றம் உட்பட நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதுகிறது எனக் கொண்டால், ஆண்டுக்கு 6 டெராபைட் ஆகிறது. 150 டெராபைட் வட்டு அக்கணக்கில் 25 ஆண்டுகள் தாங்கும். 40 டெராபைட் வட்டும் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். அதற்குள் கணிப்பொறியின் மற்றப் பகுதிகள் பழமைப்பட்டிருக்கும்.

குறிப்பிடப்படும் அளவும் ஓர் உத்தரவாத எல்லையே. அதைத் தாண்டியதும் வட்டு நின்றுவிடும் என்பதில்லை. 2013 முதல் 2015 வரை 'டெக் ரிப்போர்ட்' என்னும் அமெரிக்க ஏடு, 240 முதல் 256 ஜிகாபைட் வரையிலான ஆறு வட்டுகளில் இடைவிடாது எழுதிப் பார்த்தது. ஆறும் 700 டெராபைட்டைக் கடந்தன. ஒரு வட்டு 2,400 டெராபைட் வரை உழைத்தது. ஆறு வட்டுகளைக் கொண்டு எல்லா வட்டுகளுக்கும் தீர்ப்புக் கூறுதல் இயலாது. எனினும், அச்சத்தின் அளவு மிகைப்பட்டது என்பதை அச்சோதனை காட்டிற்று.

இனி, கணக்கின் மறுபக்கத்தையும் காண்போம். அதே மையத்தில் 4 ஜிகாபைட் ரேம் மட்டுமே கொண்ட கணிப்பொறி ஒன்று உள்ளது. உலாவியில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள், வருடி மென்பொருள், அச்சிடும் மென்பொருள், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. மேசை எப்போதும் நிரம்பியே இருக்கிறது. எழுத்தர் கோப்பை எடுப்பதிலும் வைப்பதிலுமே நாளைக் கழிக்கிறார். எழுத்து வேலை நடைபெறுவதில்லை. கணிப்பொறி இயலில் இந்நிலையை 1968-இலேயே பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். இதனை 'அலைக்கழிவு' எனலாம். எல்லைக்கோடியான நிலையில் இக்கணிப்பொறி நாளொன்றுக்கு 200 ஜிகாபைட் எழுதுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 60 டெராபைட் ஆகிறது. 150 டெராபைட் வட்டின் கணக்கு இரண்டரை ஆண்டில் முடிகிறது. 40 டெராபைட் வட்டின் கணக்கு எட்டே மாதத்தில் முடிகிறது.

இரண்டு கணிப்பொறிகளிலும் மெய்நிகர் நினைவகம் இயங்குகிறது. ஒன்றில் வட்டு நலமாக உள்ளது, மற்றொன்றில் தேய்கிறது. ஆகவே, குற்றம் மெய்நிகர் நினைவகத்தினுடையதன்று. ரேம் போதாமையே குற்றம். இவ்வுரையின் சாரம் இதுவேயாகும்.

நிறுத்திவிட்டால் என்ன?

'அப்படியாயின், தேயும் கணிப்பொறியிலாவது மெய்நிகர் நினைவகத்தை நிறுத்திவிடலாமே' என்னும் கேள்வி எழலாம். அலமாரியைப் பூட்டிவிட்டால் மேசை பெரிதாகிவிடாது. ரேம் நிரம்பியதும் இயக்க அமைப்பு புதிய கோரிக்கைகளை மறுக்கத் தொடங்குகிறது. உலாவியின் பக்கம் திடீரென மூடிக்கொள்ளும். பாதி நிரப்பிய விண்ணப்பம் மறையும். லினக்ஸ் அமைப்பில், இடம் வேண்டி ஏதேனும் ஒரு நிரல் வலிந்து முடிக்கப்படும். வட்டுக்குக் கிடைத்த ஆயுளை விண்ணப்பதாரரின் நேரத்தால் ஈடுகட்டியதாகவே இது முடியும். மேலும், கணிப்பொறி முற்றாகச் செயலிழக்கும்போது அதற்கான காரணத்தைப் பதிவு செய்வதற்கு விண்டோஸ் அமைப்பு பக்கக் கோப்பைப் பயன்படுத்துகிறது. அது இல்லையேல் பழுது பார்ப்பவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

பக்கக் கோப்பை எஸ்.எஸ்.டி.யிலிருந்து பழைய வன்தட்டுக்கு மாற்றுவது மற்றொரு வழியாகக் கூறப்படுகிறது. சிறு சிறு துண்டுகளை அங்குமிங்குமாக விரைந்து படிப்பதே பக்கமாற்றத்தின் இயல்பு. வன்தட்டு மிகவும் திணறும் வேலையும் அதுவே. எஸ்.எஸ்.டி. வாங்கியதன் பயனை இம்மாற்றம் பெருமளவு குறைத்துவிடும்.

செய்யத்தக்கவை

முதலாவது, ரேமைப் பெருக்குதல். 4 ஜிகாபைட் உள்ள இடத்தில் 8 ஜிகாபைட் ஆக்கினால் அலைக்கழிவு பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் இதற்கென ஓர் இடம் காலியாகவே இருக்கிறது.

இரண்டாவது, விண்டோஸ் அமைப்பில் பக்கக் கோப்பின் அளவை அமைப்பின் பொறுப்பிலேயே விட்டுவிடுதல். வட்டு மிகச் சிறியதாயின் மேல் வரம்பு ஒன்றை நிர்ணயிக்கலாம். பூச்சியம் ஆக்குதல் கூடாது. லினக்ஸ் அமைப்பில், பக்கமாற்றத்தின் நாட்டத்தைக் குறிக்கும் எண் வழக்கமாக 60 என இருக்கும். அதனை 10 அளவுக்குக் குறைக்கலாம். 'இசட்ரேம்' என்னும் ஏற்பாட்டின் மூலம், பக்கங்களை வட்டுக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கவும் இயலும். ரேம் குறைந்த பள்ளிக் கணிப்பொறிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவது, அழிக்கப்பட்ட இடங்களை வட்டுக்கு அறிவிக்கும் 'டிரிம்' வசதி இயங்குகிறதா எனப் பார்த்தல். விண்டோஸ் 7 முதல் இவ்வசதி உண்டு. வட்டில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருத்தல் நலம்.

நான்காவது, வட்டு தானே எழுதி வைக்கும் கணக்கைப் படித்தல். இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவையும் எஞ்சியுள்ள ஆயுளின் விழுக்காட்டையும் பெரும்பாலான வட்டுகள் தெரிவிக்கின்றன. மாதந்தோறும் முதல் நாளில் இவ்விரு எண்களையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், எந்தக் கணிப்பொறிக்கு ரேம் தேவை என்பது ஓராண்டுக்குள் தெளிவாகிவிடும். ஊகத்தின் இடத்தில் கணக்கு வந்து அமரும்.

வெப்பமும் மின்தடையும்

திருப்பதியில் கோடைக் காலத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வட்டுகளுக்கான பன்னாட்டுத் தர வரையறை இவ்விடத்தில் நினைவுகொள்ளத் தக்கது. குறிப்பிட்ட அளவு முழுவதும் எழுதி முடித்த வீட்டு உபயோக வட்டு ஒன்றை மின்சாரமின்றி வைத்தால், 30 பாகை வெப்பத்தில் ஓராண்டுக் காலம் விவரங்களைக் காக்க வேண்டும் என்பதே அவ்வரையறை. வெப்பம் உயர உயர இக்காலம் குறையும். எனவே, உழைத்துத் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, 'பழைய ஆவணங்கள்' எனச் சீட்டு ஒட்டி அலமாரியில் பூட்டி வைத்தல் ஆபத்தானது. ஆவணங்களின் மறுபடி வேறோர் இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் வட்டின் உட்குறிப்புகள் சிதையக்கூடும். ஆகையால், யு.பி.எஸ். கருவியின் மின்கலம் நல்ல நிலையில் உள்ளதா என்று பார்ப்பது, மெய்நிகர் நினைவகத்தை நிறுத்துவதைக் காட்டிலும் வட்டுக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.

வேலைக்கேற்ற வட்டு

இக்கணக்கு எல்லா இடத்திற்கும் ஒரே விடையைத் தராது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அங்குள்ள பெரிய ராடார் 1,024 ஆண்டெனாக்களைக் கொண்டது; 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கி, வானின் மேலடுக்குகளில் வீசும் காற்றை அளக்கிறது. இத்தகைய ஆய்வுக் கருவிகள் விவரங்களை ஓயாது பொழிபவை. எழுதுவதே தலையாய பணியாக உள்ள இத்தகைய இடங்களில், வட்டின் எழுதும் திறனைக் கொள்ளளவுக்கும் மேலாகக் கருதி வாங்குதல் வேண்டும். விண்ணப்பம் பதியும் சேவை மையத்திலோ படித்தலே மிகுதி, எழுதுதல் குறைவு. அங்கு வட்டுக்காகச் செலவிடும் கூடுதல் தொகையை ரேமுக்காகச் செலவிடுவதே அறிவுடைமை.

கொள்முதலும் சிக்கனமும்

அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணிப்பொறி வாங்கும்போது ஒப்பந்தப் புள்ளியில் இடம்பெறும் வாசகங்களுக்கு இதனால் தனி முக்கியத்துவம் ஏற்படுகிறது. வட்டின் கொள்ளளவை மட்டும் குறிப்பிடுதல் போதாது. ரேம் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாதிருத்தல், மேலும் ரேம் பொருத்த ஓர் இடம் காலியாக இருத்தல், வட்டில் எழுதத்தக்க மொத்த அளவை விற்பனையாளர் எழுத்தில் தெரிவித்தல் ஆகிய மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தால், பின்னர் நேரும் செலவில் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

விண்டோஸ் 10 அமைப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அடுத்த அமைப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் பல பள்ளிகளிலும் நூலகங்களிலும் உள்ளன. அவற்றை உடனே கழித்துவிட வேண்டியதில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' போன்ற லினக்ஸ் அமைப்புகளை ஏற்றி, ரேமைப் பெருக்கி, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றையும் பொருத்தினால், அவை பாடம் நடத்தவும் கடிதம் தட்டச்சு செய்யவும் மேலும் சில ஆண்டுகள் பயன்படும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கத்திற்கும் இது இசைந்ததே. கழிவை முறையாக அகற்றுவதினும், கழிவு உண்டாகாமல் காப்பது மேலானது.

கருவியின் ஆயுளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் போற்றத்தக்கது. அது பொதுப் பணத்தின்மீது கொண்ட அக்கறையின் அடையாளம். ஆனால், வட்டு எத்தனை ஆண்டு பழுதின்றி இருந்தது என்பது மட்டும் அதன் அளவுகோலாக முடியாது. புத்தூரிலோ நகரியிலோ பலமனேரியிலோ உள்ள மையத்தில், வரிசையில் நின்றவர் முதல் வருகையிலேயே சான்றிதழுடன் திரும்பினாரா என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். மெய்நிகர் நினைவகத்தை இயங்க விடுதல், ரேமைப் போதிய அளவு அளித்தல், வட்டின் கணக்கை மாதந்தோறும் படித்தல், ஆவணங்களுக்கு மறுபடி எடுத்து வைத்தல் ஆகிய நான்கும் ஒருங்கே நடைபெற்றால் இரண்டு நோக்கங்களும் நிறைவேறும். இவற்றுள் ரேம் வாங்குதல் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. பொறுப்புணர்வுள்ள ஊழியர் ஒருவர் ஒரு பதிவேட்டைத் திறந்து தொடங்கினால் போதும்.